சுபைறா மறைத்த படிப்பு

வாசலில் இறங்கிய மூன்று பேரையும் கண்டதுமே சுபைறாவுக்கு விளங்கிவிட்டது: மாப்பிள்ளைப் பகுதி. இஸ்திரி போட்ட சேர்ட்டுடன் றிஸ்மி என்றொரு வாலிபன், பழப் பையோடு அவன் உம்மா லைலா, லைலாவின் தங்கையான, வாயே திறக்காத சாச்சி சுஹறா. யுத்தம் முடிந்து ஒரு வருடம். பாதையெல்லாம் திறந்து கிடக்கிறது. ஆனாலும் வேறு எதற்கு அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்கு வருவார்கள்? வந்தவர்களிடம் வந்த காரியத்தைக் கேட்பது மரியாதையுமில்லை.

மகள் ஆகிலாவுக்கு முப்பத்தொரு வயது. மூன்று சம்பந்தம் தட்டிப்போயிற்று. காரணம், கொழும்பில் அவள் செய்யும் புற்றுநோய் ஆராய்ச்சி. ஊரில் அந்த நோயின் பெயரையே எவரும் சொல்வதில்லை. அதைக் கேட்டவர்கள் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் எழும்பிப் போனார்கள். இதுவும் போனால் சுபைறா தாங்கமாட்டாள்.

"நீ குசினிக்குள்ளயே இரி. படிப்பப் பத்தி மூச்சு விடாத," என்றாள், லீவில் வந்து அடுப்படியில் நின்ற மகளிடம்.

"ஏன் உம்மா, நான் களவா எடுத்த?"

முன்னறையில் லைலா மெல்லத் தொடங்கினாள். "மகள் கொழும்பில பெரிய படிப்புப் படிக்கிறாவாமே?"

"அது முந்தி. இப்ப விட்டுட்டா."

மூன்று முகங்களும் தொங்கிவிட்டன. படித்த பெண்தான் வேண்டும்போல. சுபைறா அவசரமாகத் திருத்தினாள். "விட்ட எண்டா, முழுசா இல்ல. ஆய்வுகூடத்தில போத்தல் கழுவுறா."

முகங்கள் இன்னும் கீழே போயின. ஓகோ, சீதனத்தில் கண்ணா?

"இந்தக் கல்வீடு அவட பேரிலதான். சுனாமிக்குப் பிறகு கட்டின."

றிஸ்மி நிலத்தைப் பார்த்தான்.

"மாவடிப்பள்ளியில ரெண்டு ஏக்கர் வயலும் இரிக்கி."

சுஹறா கண்ணைத் துடைத்தாள். வயல் தருகிறேன் என்றதற்கு அழுத மாப்பிள்ளைப் பகுதியைச் சுபைறா ஆயுசில் கண்டதில்லை.

"ராத்தா, உள்ளதச் சொல்லுங்க," என்றாள் லைலா. "மகளுக்கு அதப் பத்தி ஒண்டுமே தெரியாதா?"

"எதப் பத்தி?"

"அதுதான்... அது."

சமையலைத்தான் கேட்கிறாள் என்று சுபைறா முடிவுகட்டினாள். "அவட கைப்பக்குவம் இந்த ஊரில ஒருத்திக்கும் வராது."

அந்த நேரம் பார்த்து ஆகிலா எட்டிப் பார்த்தாள். "உம்மா, பால் அடிப்புடிச்சுப் போச்சு. சட்டியும் வெடிச்சிட்டு."

சுபைறாவுக்கு அலுத்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் குசினியில் ஒளித்துவைத்து இப்படிப் பொய் சொல்வதா? வெட்கமாக இருந்தது. எழுந்து நின்றாள்.

"சரி, கேட்டுக்கங்க. என்ட மகளுக்குச் சமைக்கத் தெரியாது. அவ புற்றுநோய் ஆராய்ச்சி செய்றா. ஓம், பேரையே சொல்லிட்டன். ஒரு கட்டிக்குள்ள எத்தனையோ லட்சம் கலம், கண்ணுக்குத் தெரியாத உயிரணு. மருந்துக்குத் தப்பி, ஒளிஞ்சிருந்து, திரும்ப முளைக்கிறது அதில கொஞ்சம்தான். அடையாளத்துக்குச் சாயம் பூசாமலே என்ட மகள் அதப் புடிக்கிறா. மத்தக் கலத்த விட அது மெத்தெண்டு இரிக்குமாம். தலைமயிர விட ஒடுக்கமான வழியால தள்ளினா மத்ததெல்லாம் சிக்கி நிக்கும், அது மட்டும் நெளிஞ்சு நழுவி வந்திரும். அந்த வழியச் செஞ்செடுக்க அவளுக்கு மூணு வருஷம். மருந்து இன்னும் வரல்ல. ஆளப் புடிக்காம எப்பிடி மருந்து வாற? அவள நினைச்சா எனக்கு நெஞ்சு நிறையுது. புடிக்கல்லயெண்டா எழும்பிப் போங்க."

ஆகிலா சட்டியோடு அப்படியே நின்றாள். வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில் தான் ஆராய்ச்சியைச் சொல்லச் சொல்ல உம்மா வெறுமனே 'ம்' கொட்டுவதாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

வந்தவர்களில் ஒருவரும் எழும்பவில்லை. அதுவரை வாய் திறக்காத சுஹறாதான் கதைத்தாள்.

"றிஸ்மிக்கு ரெண்டு புள்ள இரிக்கி ராத்தா. எனக்குத்தான் புற்றுநோய், மகள்ட்ட கேட்டுப் போகத்தான் வந்தம்."