மூன்று பேர் எழுதிய பக்கம்

மளிகைக் கடைக்கு அவன் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய். இடுப்பு பிடித்துக்கொண்டு, மூட்டை தூக்கும் வேலை நின்றுபோன மூன்று மாதத்தில் ஏறியது. கடை இருக்கும் தெருப் பக்கமே அவன் தலைகாட்டுவதில்லை.

படுத்தபடி செய்ய போனில் ஒரு வேலை கிடைத்திருந்தது. யாரோ கையெழுத்துக் காகிதங்களைப் படமெடுத்துப் போடுவார்கள். பார்த்து அப்படியே தட்டித் தரவேண்டும். பக்கத்துக்கு ஐந்து ரூபாய். ஒரே பக்கம் மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் எழுதியது ஒத்துப்போனால் அதுதான் சரி. ஒத்துப்போகாதவனுக்குக் காசு கிடையாது.

அன்று வந்த பக்கத்தில் நான்காவது வரி: 'மூட்டைக்காரர் – 1460.' மளிகைக்காரர் கையெழுத்தேதான்.

"அடியே, கடைக்காரர் கடன் நோட்டு என் கைக்கே வந்திருக்குடி!"

"கத்தாதீங்க. பார்த்து ஒழுங்கா எழுதுங்க."

அவன் 460 என்று தட்டி அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் மற்ற இரண்டு பேர் ஞாபகம் வந்தது. உடனே அதே போனில் மனைவி பேரில் ஒரு கணக்குத் தொடங்கினான். நல்லவேளை, அந்தப் பக்கம் அவளுக்கும் வந்தது.

"நானூத்தி அறுபதுன்னு போடு. ரெண்டு பேர் சொல்லிட்டா அதான் சட்டம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளித்துவிட்டு வந்தான்.

"போட்டுட்டேங்க. முன்னாடி ஒரு ஒண்ணு இருந்துச்சு, நீங்க கவனிக்கல போல. அதையும் சேர்த்துட்டேன்."

மூன்றாவது ஆள் யாரோ எவரோ, அவரும் 1460 என்றே எழுதியிருந்தார். அவன் பக்கம் தள்ளுபடி. விடுவானா? வேலை தரும் கம்பெனிக்குப் புகார் கொடுத்தான். அவர்கள் நோண்டிப் பார்த்து, ஒரே போனில் இரண்டு கணக்கு என்று இரண்டையும் முடக்கினார்கள். சேர்த்துவைத்த எண்ணூற்றுப் பதினைந்தும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கூடவே ஒரு தகவல்: 'உங்கள் விடை வேலை கொடுத்தவருக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

"போச்சு! என் பேரோடதானே போயிருக்கும்!"

"திருட்டுப் பட்டம் கட்டுறதுக்குள்ள போய்க் குடுத்துட்டு வாங்க. எங்கண்ணன்கிட்ட கேக்கறேன்."

மச்சான் நோட்டை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். "வட்டி வேண்டாம் மாப்பிள்ளை. ஆனா ஒண்ணாந்தேதி வாசல்ல நிப்பேன்."

கடையில் மளிகைக்காரர் இல்லை. மகள்தான் கல்லாவில் இருந்தாள். பணத்தை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் பணத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை எந்தக் கணக்குலண்ணே வைக்கிறது? இனிமே வராதுன்னு அப்பா தள்ளிவிட்ட பக்கத்தை மட்டும்தானே டைப் பண்ணக் குடுத்தோம்!"