மனுவுக்குத் தலைப்பு போட்ட மாஸ்காம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே தகவல் தொடர்பியல் படித்து முழுப் பயன் அடைந்தவர் ஒருவர்தான். அவருக்கு அலுவலகம் கிடையாது. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. திங்கள்தோறும் சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதித் தருவார். படித்த படிப்பே பெயராகிவிட்டது: மாஸ்காம்.

"டிவில நியூஸ் படிப்பேன்னு பாத்தா, இங்க வந்து குந்திகினு கீறியேம்மா?" என்பார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"அங்க எவரோ எழுதினத நான் படிக்கணும் பாய். இங்க நான் எழுதுறத கலெக்டர் படிக்கிறாரு."

மற்றவர்கள் எழுதும் மனு மூன்று பக்கம் ஓடும். இவருடையது மூன்றே வரி. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. ரேஷன் பருப்பு பற்றிய மனுவுக்கு அவர் வைத்த தலைப்பு: 'பருப்பில் வண்டு, வண்டுக்கு நல்ல வளர்ச்சி'. பட்டா கேட்டு வந்த ஒருவர் தாத்தா கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிச்சிண்ணே. பட்டா எப்ப நின்னுச்சி, அதச் சொல்லுங்க" என்றார் மாஸ்காம்.

செய்தி சேகரிக்கப் போகும் நான் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்தேன், கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்த திங்கட்கிழமை வரை.

அவர் ஊருக்குப் போகும் சாயங்கால பஸ் நின்றுபோயிருந்தது. பள்ளிக்கு இறங்கும் மகள் வீடு திரும்ப வழியில்லை. அந்த அம்மா தண்ணித்தொட்டி, தெருவிளக்கு எல்லாவற்றையும் மனுவில் சேர்க்கச் சொன்னார்.

"மலையேர்ந்து எறங்கி வந்துகீறேன், மூணு வரிதானா?"

"அக்கா, பஸ் வரலன்னா பொண்ணுக்கு இன்னா ஆவும்?"

அம்மா பதில் சொன்னார். மாஸ்காம் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத எழுத வேணாம், நீங்களே சொல்லுங்க. கலெக்டர் தலைய நிமித்துற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

உள்ளே அம்மா மனுவை நீட்டிவிட்டு ஊமைபோல் நின்றார். "சீக்கிரம்மா!" என்றது பின்வரிசை. அவர் அசையவில்லை. கடைசியில் கலெக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"பஸ் வந்தா எம்பொண்ணு பத்தாவது எழுதுவா சார். வரலன்னா அவங்கப்பாகூட கேரளா போயி மொளவு பறிப்பா."

கலெக்டர் அங்கேயே போனை எடுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் மலையேறியது.

போன வருடம் என் மகள் தகவல் தொடர்பியல் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.