ஏழு மணிக்கு அணையும் கம்ப்யூட்டர்

செஞ்சி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் பிரிட்டோவுக்கு,

உன் நைனா காஸ்பர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஜெயராணியும் சுகம், கோழிகள் சுகம், முருங்கை மட்டும் காற்றில் ஒரு கிளை முறிந்து நிற்கிறது, பூனாவில் உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் வராதிருக்க மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சுகமில்லாதது கம்ப்யூட்டர் ஒன்றுதான். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் கம்ப்யூட்டர் என்று வாயெடுப்பதற்குள் நீ "ரீஸ்டார்ட் பண்ணு நைனா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அம்மா மரியசெல்வி நம்மை விட்டுப் போய் வருகிற மாதம் ஒரு வருஷம். வருஷப் பூசைக்கு லீவு கிடைக்காது, வீட்டில் நடக்கிற ஜெபத்தை வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். அடக்கத்துக்கு வந்து மூன்றாம் நாளே ரயில் ஏறினாய், முப்பதாம் நாளுக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் நானும் எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளை வண்டி நம்பர் எழுதியே கழித்தவன், உத்தியோகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆகவே நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எழுப்பினேன். வீடியோ காட்டுகிற அந்தப் புரோகிராமோ, சிஸ்டத்தை அப்டேட் செய்தால்தான் ஆச்சு என்று அடம் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பூங்குழலி தன் செல்போனில் காட்டுகிறேன் என்றாள். உள்ளங்கை அகலத்தில் உன் அம்மா பூசையை அடக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீதான் போனிலேயே எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சாயங்காலம் ஏழு மணிக்கு அதுவே ரீஸ்டார்ட் ஆகும்படி வைக்கச் சொன்னாய். "ஏழு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் ஜெபத்துல இருப்பீங்க, யாரும் பொட்டிகிட்ட போவ மாட்டீங்க" என்றாய். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஜெபமாலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அப்டேட்டை முடிக்க முடியவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள் என்று திரையில் எழுதியிருக்கும். கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வதற்கு இத்தனை மரியாதை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. திண்டிவனம் வரைக்கும் போய் ஸ்டாண்டுக்குள் நுழையாமலே திரும்பி வருகிற வண்டியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. உள்ளே இடம் போதாதோ என்று நீ சந்தேகப்பட்டாய், நான் உட்கார்ந்து வேண்டாததையெல்லாம் அழித்தேன். உன் அம்மா படங்களை மட்டும் தொடவில்லை. செருகியிருப்பதையெல்லாம் கழற்று என்றாய், பிரிண்டரைக் கழற்றினேன், மைக்கைக் கழற்றினேன். உன் அத்தை தன் பங்குக்கு, மானிட்டர் மேல் தொங்கிய ஜெபமாலையையும் கழற்றிவிட்டு, வைரஸாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுசெய்து கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தைப் பெட்டியின் காற்று போகிற ஓட்டை வழியாகவே தெளித்தாள். அதற்குப் பிறகு அது கண்ணையே திறக்கவில்லை. கொல்லையில் வடகத்தோடு சேர்த்து வெயிலில் காயவைத்து எடுத்த பிறகுதான் உயிர் வந்தது.

சரி, தெரிந்தவரிடம் போவோம் என்று பெட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனேன். மளிகைக்கடை சொக்கலிங்கத்தின் மகன் ஹரிஹரசுதன், கடை மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறார். திறந்து பார்த்துவிட்டு, "பொட்டி நல்லாத்தான் இருக்குது சார். வுட்டுட்டுப் போங்க, நாளைக்கு அப்டேட் போட்டு வச்சிர்றேன்" என்றார். விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. உன் அம்மா சிரித்த முகமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிட்டு வந்ததே எனக்குப் போதும். திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் மனிதத் தலை தவிர வேறொன்றும் தெரியவில்லை. அமாவாசை. ஆயுசில் பாதியை அதே ஸ்டாண்டில் அமாவாசைக்கு ஸ்பெஷல் வண்டி அனுப்பியே கழித்தவன், அமாவாசையை மறந்துபோனேன். கூட்டம் என்னைப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கி ஒரு வண்டிக்குள் போட்டது. நம் டவுன் பஸ் என்று நினைத்து உட்கார்ந்தவன் இறங்கிய இடம் மேல்மலையனூர். என் மடியிலிருந்த போர்வை மூட்டையை அங்காளம்மனுக்குக் கொண்டுபோகும் காணிக்கை என்று நினைத்து ஒரு அம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கம்ப்யூட்டரும்மா" என்றேன். "எதுவா இருந்தா இன்னாங்க, நல்லது நடக்கட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் இதைச் சொன்னபோது உன் அத்தை சிரிக்கவில்லை, சோறு போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, எந்த நேரத்தில் நிற்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று ஹரிஹரசுதன் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஏழு மணிக்குச் சரியாக ரீஸ்டார்ட் ஆனது, வட்டம் சுற்ற ஆரம்பித்தது, கோயில் மணி அடித்தது. அடுப்படியிலிருந்து வந்த உன் அத்தை சுவிட்ச் போர்டு பக்கம் போய், டிவியை அணைத்து, ஃபேனை அணைத்து, கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, "எழுந்து நில்லு தம்பி, ஜெபம் ஆரம்பிக்கப் போவுது" என்றாள். பாவம், அவர் வாய் திறக்கப் பயந்துகொண்டு ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிகிற வரை கைகூப்பி நின்றார். முடிந்த பிறகு என் காதருகே வந்து, "சார், கண்டுபுடிச்சிட்டேன்" என்றார்.

உன் அம்மா போட்ட சட்டம் அது. ஜெப நேரத்தில் மாதா படத்துக்கு முன்னால் இருக்கிற விளக்கைத் தவிர வீட்டில் எதுவும் ஓடக் கூடாது. நீ சின்னப் பிள்ளையில் கிரிக்கெட் பார்க்க முடியாமல் எத்தனை முறை உருண்டு அழுதிருக்கிறாய். எனக்கு அது பழகிப்போய் கண்ணுக்கே தெரியவில்லை, நானோ மெழுகுவத்தி ஏற்றப் போய்விடுகிறேன். நீ எப்படி மறந்தாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஏழு மணிதான் நல்ல நேரம் என்று நீதானே சொன்னாய்.

வேறு நேரத்தில் போட வேண்டியதுதானே என்பாய். போட்டோம். விடிந்ததும் ஆரம்பித்தாலும் அந்தக் கிழட்டுப் பெட்டி நகர்ந்து நகர்ந்து ஏழு மணிக்குள் முடிக்க மாட்டேன் என்கிறது. ஜெபம் முடிந்து போட்டால், படுக்கப் போகும் முன் ஆளில்லாமல் ஓடுகிற எதையும் உன் அத்தை விட்டுவைக்க மாட்டாள். ஒரே ஒரு நாள் ஜெபத்தில் அணைக்காமல் விடு அக்கா என்று கெஞ்சினேன். "மரியசெல்வி போயி ஒரு வருசம் ஆவலை. அதுக்குள்ள அவ சொன்னதை மாத்தணும்ன்றியா? நான் இந்த ஊட்டுக்கு வந்தது சோறாக்கறதுக்கு மட்டும் இல்லடா" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. இரண்டு பேரும் நேற்று வரை பேசிக்கொள்ளவில்லை. இன்று பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். அங்கே அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, "புள்ள பாக்கணும்னுதான கேக்கிற. இன்னிக்கி ஒரு நாளு ஓடட்டும், மரியசெல்விகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

ஆகவே மகனே, இனி கவலை இல்லை. காலையிலேயே பெட்டியை ஆரம்பித்துவிட்டேன், இன்று அணைக்க ஆளில்லை, எப்படியும் முடிந்துவிடும். நீ லீவுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டாம், இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார். பங்குச்சாமியார் உன்னை விசாரித்தார், பூங்குழலி விசாரித்தாள், ஹரிஹரசுதன் இப்போது ஜெபத்தின் முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்கிறாராம். நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் கை உன் தலைமேல் எப்போதும் இருக்கிறது, உன் அம்மா கையும் சேர்த்து.

உன் நைனா,
காஸ்பர்.

பி.கு.: இது திங்கட்கிழமை காலையில் எழுதுவது. உன் அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், சுவிட்ச் போர்டு பக்கமே போகவில்லை. ஜெபத்தில் எனக்குத்தான் மனசு நிற்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபமாலையின் கடைசித் தேவ ரகசியம் சொல்லும்போது அப்டேட் தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கு வந்துவிட்டது. நான் முழங்காலிலிருந்து எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். உன் அத்தை ஜெபத்தை நிறுத்தவில்லை, முடிந்த பிறகுதான் "ஏண்டா?" என்றாள். "இது ஓடிட்டா அவன் வர மாட்டான்க்கா" என்றேன். கடிதத்தில் மேலே, நீ வர வேண்டாம் என்று எழுதியது பொய். பூங்குழலியிடம் செல்போனும் கேட்கப் போவதில்லை. அம்மா இல்லாத வீட்டுக்கு வர மனசு வரவில்லை என்று ஒரு முறை போனில் அழுதாய். அந்த வீட்டில்தான் நான் இருக்கிறேன், பிரிட்டோ.