காப்பட் ரோட்டில் ஒரு ரேஸ் கார்

உத்தியோகத்தர்கள் உடலாலும் உள்ளத்தாலும் உற்சாகமாக இருந்தால்தான் பொதுமக்களுக்குச் சேவை செய்ய முடியும். பதுளையில் வீதிகளைக் கவனிக்கும் ஓர் அரசாங்கக் கந்தோர் இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. முன்பு அங்கே எல்லோரும் பேட்மின்டன் ஆடினார்கள். பிறகு சைக்கிள் மிதித்தார்கள். இப்போது ரேஸ் கார். சனிக்கிழமையானால் ரேஸ் தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். கந்தோர் வேலையும் அதுதான் என்பதால் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

இந்த நியாயமெல்லாம் விஜயலெட்சுமிக்கு எங்கே தெரியும்? அவள் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாதர் சங்கத் தலைவி. மகளுக்கு நிறைமாதம். அவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் பாதையில் ஓட்டோகூட வராது. பிரசவத்துக்குள் குழிகளையாவது மூடித் தரச் சொல்லிக் கேட்கத்தான் அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கந்தோருக்கு வந்தாள். பொறுப்பான நிமலன் ஐயா வெளிக்களக் கடமையில் இருப்பதாகச் சொன்னார்கள். வெளிக்களம் என்பது மெக்கானிக் றில்வானுடைய கராஜ்.

அவள் அங்கே போனபோது நிமலனின் சிவப்புக் கார் நின்றது. பாரம் குறைய வேண்டுமென்று ஸ்பேர் டயர், ஜாக்கி எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. வளைவில் வழுக்காமல் இருக்க டயர்களை உள்ளே கொஞ்சம் சாய்த்து, காற்றையும் அளந்து அளந்து குறைத்திருந்தான் றில்வான். மிச்சம் ஸ்பிரிங்தான்.

“எந்த ரோட்டுல ஓட்டிப் பாக்கப் போறீங்க சேர்? ரோட்டுக்குத் தக்கனதானே உயரம் வெக்கணும்,” என்றான்.

நிமலனுக்கு நல்ல வளைவுகள் வேண்டும், பொலிஸும் இருக்கக் கூடாது. விஜயலெட்சுமி முந்திக்கொண்டு தன் தோட்டத்து ரோட்டைச் சொன்னாள். ஒருதரம் அடி வாங்கினால் மனுஷனுக்குப் புத்தி வரும் என்பது அவள் எண்ணம்.

நிமலன் மகிழ்ந்துபோனார். அது வழவழவென்று தார் போட்ட காப்பட் ரோடாயிற்றே!

“நீங்க பாத்தீங்களா சேர்?” என்றான் றில்வான்.

“பார்க்க வேண்டிய அவசியமில்லை. மேற்படி வீதி காப்பட் இட்டு முடிக்கப்பட்டதாக நானே கையொப்பமிட்டிருக்கிறேன்.”

றில்வான் விஜயலெட்சுமியைப் பார்த்தான். அவள் டயரைப் பார்த்தாள். பெரிய ஐயாவின் கையொப்பத்தோடு மல்லுக்கு நிற்க அவனுக்கென்ன பைத்தியமா? கையொப்பத்துக்கு ஏற்ற உயரத்தில் காரை இறக்கிவிட்டான். அடியில் ஒரு தீப்பெட்டி நுழையும், அதுவும் படுக்க வைத்தால்.

மறுநாள் மெயின் ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை காப்பட் உண்மையாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் கார் ஒரு குழியில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. தூக்க ஜாக்கி இல்லை. இழுக்கக் கூப்பிட்ட லொறிக்காரன் ரோட்டின் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த விஜயலெட்சுமிக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

“இப்ப தெரிஞ்சிச்சாங்கய்யா?”

“தெரிகிறது. முதலில் காரை எடுங்கள். ஆவன செய்கிறேன்.”

கந்தோர் ஐயா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அவள் ஓடிப்போய் லயத்து ஆம்பளைகளைக் கூட்டி வந்தாள். அடியில் மரங்களைக் கொடுத்துத் தூக்கினார்கள். நோயாளிகளைச் சுமந்து சுமந்து பழகிய தோள்கள் அல்லவா? அப்படியே பின்னால் இறக்கப் பார்த்தால், வளைவில் ரிவர்ஸ் போவது விதிகளுக்கு முரண் என்று நிமலன் தடுத்துவிட்டார். ஆகவே மேலே லயம்வரை சுமந்துபோய், அங்கே திருப்பி, மறுபடி மெயின் ரோட்டுக்குச் சுமந்து வந்தார்கள். ஐயா இறங்கவில்லை, சப்பாத்து சேறாகிவிடும். ஒவ்வொரு வளைவிலும் தவறாமல் ஸ்டியரிங்கைத் திருப்பினார். கீறல் விழாமல் பார்த்துப் போகச் சொல்லி விஜயலெட்சுமி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

ஆவன செய்யப்பட்டது. கடிதம் வந்தது. “மேற்படி வீதியில் மிகத் தாழ்வான வாகனமொன்று இரு திசைகளிலும் பரிசோதிக்கப்பட்டதில், எந்தவொரு குழியிலும் படாது, அதிர்வின்றிப் பயணித்தது. தோட்ட மக்களே இதற்குச் சாட்சி. எனவே திருத்தவேலை அவசியமற்றது.”

விஜயலெட்சுமி வாய்விட்டு அழுதாள். ஆம்பளைகளுக்கோ காரில் ஒரு கீறல்கூட விழவில்லையே என்று கொஞ்சம் பெருமைதான்.

மகளுக்கு வலி கண்டதும் அதே ஆம்பளைகள்தான் வந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, பூப்போலத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் மகள், “ஒரு குழிகூடத் தெரியலம்மா,” என்றாள்.

“மெதுவா சொல்லுடி,” என்றாள் விஜயலெட்சுமி. “கந்தோர்ல கேட்டுறப் போவுது.”