ரெஃபும் ரெவரெண்டும்

ஒரு பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது என்று தோன்றும் நேரம்தான் மனிதனுக்கு ரொம்ப ஆபத்தானது. எனக்கு அது, ஆம்பூரில் அக்கா கல்யாணத்தன்று வந்து தொலைத்தது.

இரண்டாயிரத்துச் சொச்சம். இன்ஜினியரிங் கடைசி வருடம். என் புராஜெக்ட், அடாப்டிவ் ஃபில்டர். விஷயம் எளிது: ஒரு பெட்டியில் இரண்டு மைக்; பேச்சுக்கு ஒன்று (மெயின்), இரைச்சலுக்கு ஒன்று (ரெஃபரன்ஸ், சுருக்கமாக ரெஃப்). இரைச்சல் மைக்கில் கேட்பதையெல்லாம் வேண்டாத சத்தம் என்று பெட்டி போகப்போகக் கற்றுக்கொண்டு, பேச்சு மைக்கிலிருந்து கழித்துவிடும். லேபில் டேபிள் ஃபேனை ஓடவிட்டுச் செய்து காட்டியபோது சார் "பரவால்ல" என்றார். (அவர் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது.)

கல்யாணத்தன்று கரண்ட் கட். சர்ச்சுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடினால் உள்ளே ஒன்றும் காதில் விழாது. அம்மா அதற்குத்தான் பயந்தார். பெண்ணுக்கு இஷ்டம்தானா என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஏற்கெனவே சந்தேகம். பெண் பார்க்க வந்தபோது அக்கா வாயே திறக்கவில்லை. பெண் வாயால் ஒரு வார்த்தை கேட்டால்தான் நிம்மதி என்று சொல்லியிருந்தார்.

நான் இருக்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"பாபுண்ணா, இதுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு மெயின், ஒண்ணு ரெஃப். மாத்தி சொருகிடாதீங்க" என்று மைக்செட் பாபுவிடம் இன்ஜினியர் தோரணையில் சொல்லிவிட்டு, கோட்டு மாட்டப் போய்விட்டேன்.

பாபு அண்ணன் மேல் தப்பே இல்லை. அவர் தொழிலில் மெயின் என்றால் கரண்ட், கரண்ட் என்றால் ஜெனரேட்டர்; அதனால் ஜெனரேட்டர் பக்கத்து மைக்கை அதில் சொருகிவிட்டார். ரெஃப் அவர் காதில் ரெவ் என்று விழுந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் ஆயர் பெயருக்கு முன்னால் ரெவரெண்ட் என்று போட்டிருந்ததே, அதனால் ஆயரின் மைக் அங்கே. ஆக, என் பெட்டிக்கு ஜெனரேட்டர்தான் பேச்சு, ஆயர் இரைச்சல்.

ஆயர் அக்காவிடம் சம்மதம் கேட்டார். அவர் உதடு அசைந்தது. அக்காவின் உதடும் அசைந்தது. ஸ்பீக்கரில் வந்தது: டுபுடுபுடுபுடுபு.

கடைசி பெஞ்சில் "பொண்ணு இன்னா சொல்லுச்சு?" என்று கிளம்பிய கேள்வி, முன்னால் வருவதற்குள் "பொண்ணுக்கு இஷ்டமில்லையாம்" ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்க் கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். ஃபேன்கள் நின்றன. டுபுடுபு நிற்கவில்லை.

அக்கா முக்காட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்கே தெரியும்.

"எனக்குச் சம்மதம் அத்தை. நூறு தடவ சம்மதம். எந்தம்பிய மட்டும் யாராச்சும் வெளிய கூட்டிட்டுப் போங்க."

முதலில் சிரித்தது அந்த அத்தைதான்.

சில வருடம் கழித்து, அதே சர்ச்சில் என் கல்யாணம். ஆயர் என்னிடம் சம்மதமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல், மெதுவாக, ரொம்பத் தெளிவாக வந்தது.

"டுபுடுபுடுபு."

அக்காவின் மாமியார்.