தூக்கத்தில் பிடுங்கிய கல்

ஓய்வு பெற்ற சர்வேயருக்கு ஒரு கனவு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின், சாய்வு நாற்காலியில், வாய் லேசாகத் திறந்திருந்த நேரம். கம்ப்யூட்டருக்குள் அவருக்கென்று தனியாக ஓர் இடம். அங்கே மேகம் மட்டும் மிதக்கிறது. கழுத்தளவு, கையளவு எதுவும் இல்லை. "என்னங்க, கொஞ்சம் எந்திரிங்க" இல்லவே இல்லை.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் முக்கால்வாசி அவர் மனைவியின் ராஜ்ஜியம். வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவள். வருகிறவர்களின் அளவெல்லாம் அதில்தான். தூர தேசத்து மகள் அனுப்பிய, பேத்தி முதன்முதலாகச் சிரித்த வீடியோவும் அதில்தான். அதைப் பார்க்காமல் அந்த அம்மாள் ஊசியில் நூல் கோத்ததில்லை.

மறுநாள் சர்வேயர் அறிவித்தார். "ஹார்ட் டிஸ்க்கை ரெண்டாப் பிரிக்கப் போறேன். உன் பாதியில பழைய சிஸ்டம், என் பாதியில புதுசு. நடுவுல வேலி."

"இருக்கிறதே ரெண்டு பேரு. அதுல பாகப்பிரிவினை வேறயா?"

"முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவன் நிலத்தைப் பிரிச்சுக் கொடுத்தவன் நான்!"

"கொடுத்தீங்க. அவங்கெல்லாம் இன்னும் கோர்ட்டுலதான் நிக்கிறாங்க. சரி, பாப்பா வீடியோவுக்குக் காப்பி எடுத்தாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

ஆகவில்லை. அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். கனவு அதுவரை காத்திருக்குமா?

திரையில் ஹார்ட் டிஸ்க் நீளமாக ஒரு பட்டையாகத் தெரிந்தது, குறுக்கே கோடுகள். சர்வேயரின் விரல் துடித்தது. பழைய எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் புதுக்கல் நடுவது அவர் வழக்கம். ஒவ்வொரு கோடாக அழித்தார். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. சர்வேயரையே சந்தேகப்படுவதா? 'ஆம்' என்றார். மூன்று தடவை.

புது சிஸ்டம் ஏறியது. திரையில் நீல ஏரி ஒன்று விரிந்தது. ஜன்னல் திரைச்சீலை காற்றில் மெல்ல உப்பியது. தையல் மெஷின் சத்தம் எங்கோ பெய்கிற மழை போலக் கேட்டது. மனதுக்குள்ளேயே அந்த ஏரியில் ஒரு படகு விட்டார்.

பிறகு பழைய பாதியைத் தேடினார். பாதியே இல்லை. பேத்தியும் இல்லை.

"என்னங்க, பாப்பாவைப் போடுங்க. நூல் கோக்கணும்."

"கம்ப்யூட்டர் களைச்சுப் போயிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு..."

"கல்லைப் பிடுங்கிட்டீங்களா?"

சர்வேயரின் கண் நிறைந்துவிட்டது. "பாப்பா சிரிப்பு போச்சும்மா. காப்பி எடுக்கல. பொய் சொன்னேன்."

அந்த அம்மாள் பட்டன் டப்பாவைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். "நேத்து தூக்கத்துல 'கம்ப்யூட்டர்ல கல்லைப் பிடுங்கு'ன்னு கத்தினீங்க. கடவுளே காப்பாத்துன்னு மகளுக்குப் போன் போட்டேன். அவ சொல்லச் சொல்ல எல்லாத்தையும் இதுல எடுத்து வச்சுட்டேன்."

"நீ தெய்வம்!"

"அப்போ தெய்வத்துக்கு இடம் விடுங்க. தள்ளி உட்காருங்க."

உரிமையாளர் யார், பாஸ்வேர்டு என்ன என்று ஏரி நடுவே ஒரு கட்டம் கேட்டுக்கொண்டு நின்றது. மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு, கையால் மறைத்தபடி அவள் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் பேத்தி சிரித்தாள். சர்வேயரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"என் தனி இடம்?" என்றார், மெதுவாக.

"இல்லாமலா? அதையும் போட்டாச்சு."

மறுநாள் தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு பெயர்கள். மேலே மனைவி, பூட்டோடு. கீழே, 'விருந்தினர்: தினமும் அரை மணி நேரம்.'