புரட்டாசியில் ஓர் ஆட்டு இதயம்

மதுரையில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள் எங்கள் லப்டப் டீச்சர்தான். அவருக்கு எல்லோரும் நடமாடும் இதயங்கள். பள்ளி வாட்ச்மேனுக்கு ‘வால்வு’ என்று பெயர் வைத்திருந்தார். உள்ளே விட்டால் திரும்ப வெளியே விடமாட்டாராம்.

கே.கே. நகர்ப் பள்ளியில் அவர் உயிரியல், நான் தமிழ். இதயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உடையும் என்பதுதான்.

வருடா வருடம் ஆட்டு இதயத்தை அறுத்துப் பாடம் நடத்துவார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த மாதம் புரட்டாசி. பாதி ஊர் கவிச்சியைத் தொடாத மாதம். மற்ற மாதங்களில் ஈரலோடு இதயத்தையும் வாடிக்கைக்காரர்கள் விடியுமுன் வாங்கிப் போய்விடுவார்களாம். ஒருமுறை துணைக்கு நானும் கடைக்குப் போனேன்.

“கறிக்குத் தக்கன துண்டு போட்டுரவா டீச்சர்?” என்றார் கடைக்காரர்.

“துண்டு போட்டீங்கன்னா உங்க இதயத்தத்தான் எடுத்துட்டுப் போவேன், அண்ணே.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு வருடம், விரதம் இருக்கும் பெற்றோர்கள் திரண்டு வந்து புகார் கொடுத்தார்கள். தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டு, இனி வீடியோ போதும், மீறினால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாள் காலை டீச்சர் வழக்கம்போல் தூக்குவாளியோடு வந்தார். தாளாளர் பின்னாலேயே வகுப்புக்குள் நுழைந்தார். என்ன ஆகுமோ என்று நான் ஜன்னலோரம் நின்றேன்.

டீச்சர் வணக்கம் சொல்லிவிட்டு தாளாளர் கையில் ஒரு கையுறையை மாட்டினார். இதயத்தை அதில் வைத்தார். அதன் மேலே இருந்த பெரிய ரத்தக் குழாயில் தண்ணீர் ஊற்றினார். உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது.

“வால்வு மூடிக்கிருச்சு சார். செத்த பெறகும் வேலை பாக்குது.”

தாளாளர் கத்த வாயெடுத்தவர், கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எனக்கு ஸ்டென்ட் வச்சாகளே, அது எங்கிட்டு டீச்சர்?”

டீச்சர் கொழுப்பை விலக்கி, மேலே நூலாய் ஓடிய ஒரு குழாயைக் காட்டினார்.

“இம்புட்டூண்டா?”

“இம்புட்டூண்டுதான். இத நம்பித்தான் சார் நீங்க அம்புட்டுச் சத்தம் போடுறீக.”

தாளாளர் இதயத்தைப் பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலத் தட்டில் வைத்தார். “நடத்துங்க” என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்ற மறந்து வெளியே போனார். புகார் கொடுத்தவர்களிடம் அவரே பேசிக்கொண்டார்.

இடைவேளையில் டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். டீயைக் கொடுத்தேன். டம்ளர் ஆடி, பாதி மேசையில் சிந்தியது.

“நேத்துப் பூரா சோறு எறங்கல, தமிழய்யா. இத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

என் டீயில் பாதியை அவர் டம்ளரில் ஊற்றினேன். அந்த அம்மாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.